பழைய பைப்பும் புதிய குழாயும்

வீட்டிலுள்ள பொருள்களில் நம் கை மிக அதிகமாகப் படுவதும், நம் கவனம் மிகக் குறைவாகப் படுவதும் தண்ணீர்க் குழாயே எனலாம். பாவில் ஓர் இழை அறுந்தால் தறியை நிறுத்தி உடனே முடிகிறோம். வாய்க்காலின் கரை உடைந்தால் அப்பொழுதே மண்வெட்டியை எடுக்கிறோம். முற்றத்துக் குழாய் இரவும் பகலும் சொட்டினால் மட்டும், அதன் அடியில் ஒரு வாளியை வைத்துவிட்டு அப்பால் சென்று விடுகிறோம். மாதங்கள் சில கழிந்தபின் ஒரு நாள் பொறுமையிழந்து, கைக்குக் கிடைத்த கருவியைக் கொண்டு குழாயைத் திருகுகிறோம். குழாய் கழல்வதற்குப் பதிலாகச் சுவருக்குள் இருக்கும் பைப்பு முறிந்து விடுகிறது. அரை மணி நேரத்தில் முடிய வேண்டிய வேலை சுவரை இடிக்கும் வேலையாக மாறுகிறது.

இவ்வாறு நேர்வதற்குக் காரணம் குழாயன்று. அதன் பின்னால் மறைந்து நிற்கும் பைப்பை அறியாமையே. குழாயை மாற்றுதல் கடினமான தொழிலன்று. நூலின் முறுக்கையும் மண்ணின் ஈரத்தையும் விரலால் அறியும் நம் அங்கத்தினர்களுக்கு அது எளிதில் கைவரக் கூடியதே. ஆனால் பழைய பைப்புக்குத் தீங்கு நேராமல் புதிய குழாயை அதனுடன் சேர்க்கும் முறையை முன்னரே தெரிந்து கொள்ளுதல் வேண்டும். அம்முறையை இங்கு எடுத்துக் கூற விரும்புகிறோம்.

வழக்கில் நாம் இரண்டையுமே குழாய் என்று சொல்கிறோம். குழப்பம் நேராதிருத்தற் பொருட்டு, நீரைத் திறந்து மூடும் தலைப்பகுதியைக் குழாய் என்றும், சுவர் வழியாகவும் தரை வழியாகவும் நீரைக் கொண்டு வருவதைப் பைப்பு என்றும் இக்கட்டுரையில் குறிப்பிடுவோம்.

சொட்டும் நீரின் கணக்கு

சிறு துளி பெருவெள்ளம் என்பது பழமொழி. அதை அளந்து பார்த்தல் எளிது. 200 மில்லி லிட்டர் பிடிக்கும் டம்ளர் ஒன்றைச் சொட்டும் குழாயின் அடியில் வையுங்கள். அது நிரம்ப 20 நிமிடம் ஆகிறது என்று கொள்வோம். ஒரு மணிக்கு 600 மில்லி லிட்டர்; ஒரு நாளைக்கு 14.4 லிட்டர், 30 நாள் கொண்ட மாதத்திற்கு 432 லிட்டர் ஆகிறது. 2019 ஆகஸ்டு 15 அன்று அறிவிக்கப்பட்ட ஜல் ஜீவன் இயக்கம், நாட்டுப்புற வீடுகளில் ஒருவருக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் என்று கணக்கிட்டுக் குழாய் இணைப்புகளைத் திட்டமிட்டது. அவ்வளவுடன் ஒப்பிட்டால், மெல்லச் சொட்டும் ஒரு குழாய் ஓர் ஆளின் பங்கில் கால் பாகத்திற்கு மேல் விழுங்கி விடுகிறது. மேல்நிலைத் தொட்டி வைத்துள்ள வீட்டில் இந்த நீர் மின்சாரம் செலவழித்து ஏற்றப்பட்ட நீரும் ஆகும்.

கண்ணுக்குத் தெரியும் சொட்டைக் காட்டிலும், சுவருக்குள் கசியும் நீர் நெசவாளர் வீட்டிற்குப் பெரும் பகை. பருத்தி நூலுக்குக் காற்றில் ஓரளவு ஈரம் வேண்டும் என்பது உண்மை. ஆனால் சுவர் வழியாக இறங்கிக் குழித்தறியின் குழியில் ஊறும் நீர் அத்தகைய ஈரமன்று. அது தறி மரத்தை ஊதச் செய்யும். கஞ்சி போட்ட பாவில் பூஞ்சை பிடிக்கச் செய்யும். குழியில் கால் வைத்து நாள் முழுதும் அமர்ந்திருப்பவரின் உடல் நலத்தையும் கெடுக்கும். ஆகையால் குழாய் பொருத்தும் இடத்தில் மூட்டு கசியாதிருத்தல் நம் தொழிலுடனேயே சேர்ந்த விஷயம்.

பழுது எது என்று முதலில் காண்க

குழாய் ஒழுகுகிறது என்றவுடன் புதியது வாங்கக் கடைக்கு ஓடுதல் சிக்கனமாகாது. நீர் எந்த இடத்திலிருந்து ஒழுகுகிறது என்பதைத் துணியால் குழாயைத் துடைத்துவிட்டுக் கவனித்தல் வேண்டும்.

மூடிய பின்னும் வாய் வழியாகச் சொட்டினால், உள்ளே இருக்கும் வாஷர் தேய்ந்திருக்கும். திருகித் திறக்கும் பழைய வகைப் பித்தளைக் குழாயில் அந்த வாஷரை மட்டும் மாற்றினால் போதும். வாஷர் அமரும் பித்தளை விளிம்பில் பள்ளம் விழுந்திருந்தால் புதிய வாஷரும் நெடுநாள் நில்லாது. அப்பொழுது குழாயையே மாற்ற வேண்டும்.

திறந்திருக்கும் போது கைப்பிடித் தண்டைச் சுற்றி நீர் கசிந்தால், தண்டைச் சுற்றியுள்ள சிறு மரையைக் கால் சுற்று இறுக்கிப் பாருங்கள். நிற்காவிட்டால் நீரை நிறுத்தி அம்மரையைக் கழற்றி, கிரீஸ் தடவிய பருத்தி நூலைத் தண்டின் மேல் சில சுற்றுச் சுற்றி மீண்டும் இறுக்குக. இதற்கு வேண்டிய நூல் நெசவாளர் வீட்டில் கழிவிலேயே கிடைக்கும்.

குழாய் சுவரைச் சேரும் மூட்டில் கசிந்தால் பழுது மரைச்சுற்றில் உள்ளது. குழாயைக் கழற்றித் துடைத்து மீண்டும் பூட்டினால் அது தீரலாம். குழாயின் உடலில் வெடிப்புக் கண்டாலும், பித்தளை செந்நிறமாகிப் பொரியத் தொடங்கியிருந்தாலும், புதிய குழாயே வேண்டும்.

மரையின் வரலாறும் அளவும்

கூட்டுறவாளர்கள் நன்கறிந்த ராக்டேல் நகரில், நெசவாளர் பலரைக் கொண்ட முன்னோடிகளின் கடை 1844 டிசம்பர் 21 அன்று திறக்கப்பட்டது. அதற்கு அடுத்த ஆண்டில், அதே வட இங்கிலாந்தைச் சேர்ந்த ராதர்ஹாம் நகரில், கெஸ்ட் அண்ட் கிரைம்ஸ் என்ற பித்தளைத் தொழிற்சாலையார், திருகி இறக்கி மூடும் குழாய்க்கு உரிமம் பெற்றனர். நம் வீட்டு முற்றங்களில் இன்றும் உள்ள பித்தளைக் குழாய் அதன் வழிவந்ததே. அதற்குச் சற்று முன்னர், 1841-இல், ஜோசப் விட்வொர்த் என்ற பொறியாளர் மரைகளுக்கு ஒரே சீரான அளவு வேண்டும் என்று முறை வகுத்தார். நம் நாட்டில் தண்ணீர்ப் பைப்புகளின் மரை இன்றும் அவர் வகுத்த 55 பாகைக் கோணத்தில்தான் வெட்டப்படுகிறது. 40 ஆண்டுக்கு முன் போட்ட பைப்பில் இன்று வாங்கிய குழாய் பொருந்துவது இந்தச் சீர்மையினால்தான்.

வீட்டுக் குழாய்களில் பெரும்பாலானவை அரை அங்குலம், அதாவது 15 மில்லி மீட்டர் வகை. இந்த அளவு பைப்பின் உள்துளையைக் குறிப்பது. குழாயின் மரைப்பகுதியை வெளியே அளந்தால் ஏறத்தாழ 21 மில்லி மீட்டர் இருக்கும். இதனை அறியாது, அளவுகோலை வைத்துப் பார்த்து முக்கால் அங்குலக் குழாயை வாங்கி வருபவர் உண்டு. முக்கால் அங்குல மரையின் வெளியளவு 26 மில்லி மீட்டருக்குச் சற்று மேல் இருக்கும். ஐயம் இருப்பின் பழைய குழாயையே கடைக்குக் கொண்டு செல்லுதல் நலம். சரியான மரை இரண்டு மூன்று சுற்று விரலாலேயே எளிதாக ஏறும், பின்னர் இறுகும். முதற் சுற்றிலேயே முரண்டு பிடித்தால் மரை கோணலாக ஏறுகிறது என்று அறிந்து உடனே நிறுத்துக.

எந்தக் குழாயை வாங்குவது?

கடைகளில் இன்று இரண்டு வகைக் குழாய்கள் முக்கியமாகக் கிடைக்கின்றன. ஒன்று, பல சுற்றுத் திருகும் பழைய வகை. மற்றொன்று, கால் சுற்றில் திறந்து மூடும் புதிய வகை. இதனுள் இரண்டு பீங்கான் தட்டுகள் ஒன்றன் மேல் ஒன்று வழுக்கி நீரை விடவும் நிறுத்தவும் செய்கின்றன. தெளிந்த நீர் வரும் இடத்தில் பீங்கான் வகை நெடுநாள் உழைக்கும். முதியோருக்கும் குழந்தைகளுக்கும் கைக்கு எளிது.

ஆனால் ஆழ்துளைக் கிணற்று நீரில் மணலும் சுண்ணாம்பும் கலந்து வரும் ஊர்களில் அத்தட்டுகள் விரைவில் கீறுபடும். அப்பொழுது அதே தயாரிப்பின் உட்பகுதி கிடைத்தாலன்றிக் குழாயை எறிய வேண்டியதுதான். தொட்டி தாழ்வாக இருந்து நீரின் வேகம் குறைந்த வீட்டில், அதன் குறுகிய வழி நீரை இன்னும் மெலிவாக்கும். சட்டென்று மூடும் போது பழைய பைப்பில் இடி போன்ற அதிர்ச்சியும் உண்டாகும். மணல் கலந்த நீருக்கும் கால்நடைத் தொட்டிக்கும் வயலோரக் குழாய்க்கும், வாஷர் மாற்றிக் கொள்ளக் கூடிய பழைய வகைப் பித்தளைக் குழாயே ஏற்றது என்பது நம் கருத்து. புதியது எல்லாம் எல்லா இடத்திற்கும் உகந்தது ஆகாது.

எவ்வகையாயினும் ஐ.எஸ்.ஐ. முத்திரையைப் பார்த்து வாங்குக. திருகுவகைப் பித்தளைக் குழாய்க்குரிய இந்தியத் தர எண் ஐ.எஸ். 781. கையில் எடுத்தால் கனமாக இருத்தல் வேண்டும். மேலே வெள்ளி போல் மின்னி, உள்ளே மெல்லிய கலப்பு உலோகமாக இருக்கும் மலிவுக் குழாய், இறுக்கும் போதே கழுத்தில் முறிந்து பைப்பினுள் தங்கி விடும்.

பைப்பை அறிதல்

குழாயில் கை வைக்குமுன், பைப்பு எவ்வகையது என்பதைக் காண வேண்டும். பழைய வீடுகளில் துத்தநாகம் பூசிய இரும்புப் பைப்பு இருக்கும், ஜி.ஐ. பைப்பு என்று வழங்குவது அதுவே. பின்னர் கட்டிய வீடுகளில் பி.வி.சி. பைப்பும், அண்மைக் காலத்தில் சி.பி.வி.சி. பைப்பும் வந்துள்ளன. காந்தத்தை வைத்தால் இரும்பு ஒட்டும், மற்றவை ஒட்டா.

இரும்புப் பைப்பு வெளியே நன்றாகத் தோன்றினும் உள்ளே துரு வளர்ந்து துளை அடைபட்டிருக்கலாம். குழாயைக் கழற்றிய பின், ஒரு வாளியைப் பிடித்துக் கொண்டு வால்வைச் சிறிது நேரம் திறந்து பாருங்கள். நீர் தடித்துப் பாய்ந்தால் பைப்பு நலமாக உள்ளது. நூல் போல் வந்தால், எத்தனை விலை உயர்ந்த குழாயைப் பூட்டினாலும் நீர் அதிகமாகப் போவதில்லை. பைப்பையே மாற்ற வேண்டிய காலம் வந்து விட்டது. சுவரிலுள்ள எல்போவின் மரையைத் துணியால் துடைக்கும் போது துரு தகடு தகடாக உதிர்ந்தால், அந்த எல்போவை மாற்றாமல் குழாயை மட்டும் பூட்டுதல் ஆகாது.

மற்றொன்றையும் இங்கே அழுத்தமாகக் கூற வேண்டும். தெருப் பைப்பிலிருந்து வீட்டு இணைப்புப் பிரியும் இடமும், மீட்டர் இருப்பின் அதற்கு முன்னுள்ள பகுதியும் ஊராட்சி அல்லது நகராட்சியின் பொறுப்பில் உள்ளவை. அவற்றை நாம் தொடலாகாது. அங்கே பழுது கண்டால் அலுவலகத்தில் எழுத்து மூலம் தெரிவிப்பதே முறை.

கழற்றும் முறை

வேலைக்கு முன் முதலில் வாங்கி வைக்க வேண்டியது குழாயன்று. அதே அளவுள்ள அடைப்பு மரை ஒன்று. கடையில் 'டம்மி' என்று கேட்டால் கொடுப்பார்கள். பழைய குழாயின் மரை முறிந்தாலும், புதிய குழாய் பொருந்தாவிட்டாலும், எதிர்பாராமல் நீர் வந்துவிட்டாலும், அந்தச் சிறு மூடியைத் திருகிவிட்டு ஆற அமர யோசிக்கலாம்.

அடுத்து நீரை நிறுத்துக. தொட்டியின் கீழுள்ள வால்வையோ இணைப்பு வால்வையோ மூடி, வீட்டில் மிகத் தாழ்வாக உள்ள குழாயைத் திறந்து பைப்பிலுள்ள நீரை வடித்து விடுங்கள். பழைய வால்வுகள் சில மூடினாலும் முழுதும் அடையா. ஆகையால் நீர் அறவே நின்றதா என்று பார்த்த பின்பே மேலே செல்லுதல் வேண்டும்.

குழாயை நாம் எதிர்நோக்கி நின்று இடப்புறமாகத் திருகினால் கழலும். இங்குதான் பெரும்பாலான சேதம் நேர்கிறது. ஒரே பைப் ரென்ச்சைக் குழாயில் மாட்டி முழு பலத்துடன் திருகினால், அந்த முறுக்கு முழுவதும் சுவருக்குள்ளிருக்கும் எல்போவுக்கும் பைப்புக்கும் போகிறது. துருவேறி மெலிந்த பைப்பு அதைத் தாங்காது. ஒரு ரென்ச்சினால் எல்போவை அசையாமல் பிடித்துக் கொண்டு, மற்றொன்றினால் குழாயைத் திருகுவதே சரியான முறை. எல்போ பூச்சுக்குள் புதைந்திருந்தால், அதனைச் சுற்றி இரண்டு அங்குலம் பூச்சை உளியால் மெல்லக் கொத்தி எடுத்துப் பிடிப்பதற்கு இடம் செய்து கொள்க. இந்தச் சிறு பூச்சு வேலைக்குச் சோம்பியே பலர் சுவர் முழுவதையும் இடிக்க நேருகிறது.

எளிதில் அசையாவிட்டால் பலத்தைக் கூட்ட வேண்டாம். மூட்டில் மண்ணெண்ணெய் விட்டு ஓர் இரவு ஊற விடுங்கள். மறுநாள் குழாயின் கழுத்தைச் சிறு சுத்தியால் இலேசாகத் தட்டி, முதலில் ஒரு மயிரிழை வலப்புறம் இறுக்கிப் பின்னர் இடப்புறம் திருப்புக. துரு உடைந்து வழி விடும். பிளாஸ்டிக் பைப்புள்ள இடத்தில் மண்ணெண்ணெயையும் தீயையும் உபயோகித்தல் கூடாது.

இவ்வளவு செய்தும் குழாயின் மரை உள்ளேயே முறிந்து தங்கிவிட்டால், இரும்பறுக்கும் பிளேடைத் துணி சுற்றிக் கையில் பிடித்து, உள்ளே நின்ற பித்தளை வளையத்தை நீளவாட்டில் இரண்டு இடத்தில் அறுத்து, உளி முனையால் உள்நோக்கி வளைத்து எடுத்து விடலாம். எல்போவின் மரையில் பிளேடு படாமற் காத்தல் முக்கியம்.

பொருத்தும் முறை

எல்போவின் உள்மரையைப் பழைய சணலும் துருவும் நீங்க நன்கு துடைத்து, புதிய குழாயை முதலில் எதுவும் சுற்றாமல் கையால் ஏற்றிப் பாருங்கள். எல்போ சுவரினுள் ஆழமாக இருந்து குழாய் எட்டாவிட்டால், 'எக்ஸ்டென்ஷன் நிப்பிள்' என்னும் நீட்டிப்பு மரை இடையில் தேவைப்படும்.

முன்னாளில் மரைச்சுற்றில் சணலுடன் வெள்ளை ஈயமோ சிவப்பு ஈயமோ தடவி இறுக்குவார்கள். ஈயம் நஞ்சு, குடிநீர்ப் பைப்பில் அது கூடாது. இன்று வெள்ளை நிற டெஃப்லான் நாடா எங்கும் கிடைக்கிறது. குழாயின் மரைமுனையை நம்மை நோக்கிப் பிடித்து, கடிகார முள் சுற்றும் திசையில் நாடாவை இழுத்துச் சுற்ற வேண்டும். எதிர்த் திசையில் சுற்றினால் குழாயை ஏற்றும் போதே நாடா பிரிந்து சுருண்டு விடும். முனையிலுள்ள முதல் மரையை விட்டுவிட்டுச் சுற்றுதல் வேண்டும். இல்லையேல் நாடாத் துணுக்கு நீரில் சேரும். மெல்லிய நாடாவாயின் 8 முதல் 10 சுற்றுப் போதும். பழைய இரும்பு மரை தளர்ந்திருந்தால் சற்றுக் கூட்டலாம். பிளாஸ்டிக் எல்போவாயின் குறைத்தே சுற்ற வேண்டும். அதிகமானால் எல்போ வெடிக்கும்.

கையால் முடிந்தவரை ஏற்றிய பின், முன்போல் எல்போவைப் பிடித்துக் கொண்டு, ஸ்பானரால் ஒன்று அல்லது ஒன்றரைச் சுற்று இறுக்குக. வாய் நேராகக் கீழ் நோக்கி வந்து நிற்கும் போது குழாய் இறுகியிருத்தல் வேண்டும். வாய் சற்று மிஞ்சிப் போய்விட்டதென்று பின்னோக்கித் திருப்பினால் நாடா பிடிப்பை இழக்கும். அன்றே ஒழுகாவிட்டாலும் சில நாளில் ஒழுகும். அப்படி நேர்ந்தால் குழாயைக் கழற்றிப் பழைய நாடாவை நீக்கி, இரண்டு சுற்று அதிகமாகச் சுற்றி மீண்டும் ஏற்ற வேண்டும்.

பின்பு குழாயைத் திறந்தே வைத்துக் கொண்டு வால்வை மெல்ல மெல்லத் திறவுங்கள். முதலில் காற்றும் துருவும் கலந்த நீர் வரும். அது தெளியும் வரை வாளியில் பிடித்துச் செடிகளுக்கு ஊற்றி விடலாம். இந்த நீரைச் சாயத் தொட்டியில் விடுதல் கூடாது. இரும்புத் துரு வெள்ளை நூலில் கறை ஏற்றும். நிறங்களையும் மங்கச் செய்யும். கடைசியாக மூட்டைத் துடைத்து, அதன் கீழ் ஒரு காய்ந்த காகிதத்தை ஓர் இரவு வைத்துப் பாருங்கள். காகிதம் காய்ந்தே இருந்த பின்தான் சுவரைப் பூச வேண்டும்.

இரும்புடன் பிளாஸ்டிக்கை இணைத்தல்

பழைய இரும்புப் பைப்பின் ஒரு பகுதியை அறுத்து நீக்கி, அவ்விடத்தில் பிளாஸ்டிக் பைப்பு இடுதல் இன்று வழக்கமாகி விட்டது. இதற்கு ஒரு விதி உண்டு. பிளாஸ்டிக்கின் வெளிமரையை இரும்பின் உள்மரைக்குள் ஏற்றலாம். இரும்பின் வெளிமரையையோ பித்தளைக் குழாயையோ வெறும் பிளாஸ்டிக்கின் உள்மரைக்குள் ஏற்றினால், இறுக்கும் போது அது விரிந்து வெடித்து விடும். ஆகவே குழாய் பூட்டும் இடத்தில் பித்தளை மரை பதித்த எல்போவையே கேட்டு வாங்குக.

பி.வி.சி. பைப்பு வெந்நீருக்கு ஆகாது. வெந்நீர்க் குழாய்க்குச் சி.பி.வி.சி. வேண்டும். இரண்டிற்கும் ஒட்டும் பசை வெவ்வேறு. பைப்பை நேராக அறுத்து, பிசிறு நீக்கி, இரு பக்கமும் பசை தடவி, கால் சுற்றுத் திருப்பி உள்ளே தள்ளிச் சிறிது நேரம் அசையாமல் பிடித்திருக்க வேண்டும். ஓர் இரவு காய்ந்த பின் நீர் விடுதல் உத்தமம். வயலிலும் மாடியிலும் வெயில் படும் பி.வி.சி. பைப்பு நாளடைவில் நொறுங்கும் தன்மை அடையும். அதனை மண்ணில் புதைத்தோ சாயம் பூசியோ காத்தல் வேண்டும். குழாயின் பாரமும் குடத்தின் இடியும் பிளாஸ்டிக் மூட்டில் விழாதபடி பைப்பைச் சுவரில் பட்டை போட்டு இறுக்கி நிறுத்துக.

இங்கு உயிருக்கு ஆபத்தான ஒரு விஷயம் உண்டு. பழைய வீடுகள் சிலவற்றில் மின்சாரத்தின் எர்த் கம்பியைத் தண்ணீர்ப் பைப்பிலேயே கட்டியிருப்பார்கள். அத்தகைய இரும்புப் பைப்பின் நடுவே பிளாஸ்டிக்கைச் சேர்த்தால், மின்சாரம் மண்ணுக்கு இறங்கும் வழி அறுந்து போகிறது. பின்னர் தார் சுற்றும் மோட்டாரிலோ நீர் ஏற்றும் மோட்டாரிலோ கசிவு ஏற்பட்டால், அதைத் தொடுபவர் வழியாகவே மின்சாரம் இறங்கும். பைப்பில் கம்பி கட்டியிருப்பதைக் கண்டால் அதில் கை வைக்காதீர்கள். மின் பணியாளரைக் கொண்டு தனி எர்த் அமைத்த பின்பே பைப்பை அறுக்க வேண்டும். அறுக்கும் நேரத்தில் வீட்டின் மெயின் சுவிட்சை நிறுத்தி வைத்தலும் அவசியம்.

சாயத் தொட்டியும் மருந்துப் பீப்பாயும்

குழாயை மாற்றும் போதே அது நிற்கும் இடத்தையும் சரி பார்த்துக் கொள்ளலாம். சாயமிடும் வீடுகளில் குழாய் வாயில் ரப்பர்ப் பைப்பை மாட்டி, அதன் மறுமுனையைச் சாயத் தொட்டிக்குள் விட்டுவிடும் வழக்கம் உண்டு. தோட்டங்களில் பூச்சி மருந்து கலக்கும் பீப்பாயிலும் இவ்வாறே செய்கின்றனர். தெருவில் நீர் வரவு நின்றவுடன், பைப்பிலுள்ள நீர் தாழ்ந்த இடத்தை நோக்கி இறங்குகிறது. அப்பொழுது மேட்டிலுள்ள திறந்த முனைகளின் வழியாகப் பைப்பு உள்நோக்கி உறிஞ்சும். தொட்டியில் மூழ்கிய ரப்பர்ப் பைப்பு, சாயத்தையோ மருந்தையோ குடிநீர்ப் பைப்புக்குள் ஏற்றிவிடும். மறுமுறை நீர் வரும் போது அது நம் குடத்தில் மட்டுமன்றி அடுத்த வீட்டுக் குடத்திலும் விழும்.

இதற்குப் பரிகாரம் செலவில்லாதது. குழாயின் வாய் தொட்டி விளிம்புக்கு மேல் குறைந்தது 2 அங்குலம் உயர்ந்து நிற்கும்படி அமைத்தல் வேண்டும். ரப்பர்ப் பைப்பின் முனை ஒருபோதும் தொட்டி நீரில் மூழ்கிக் கிடக்கலாகாது. பழைய குழாய் தாழ்வாக இருந்தால், புதியது பூட்டும் வேளையே அதை உயர்த்துவதற்கு ஏற்ற வேளை.

சங்கம் செய்யக் கூடியது

இவ்வேலைக்கு வேண்டிய கருவிகள் மிகச் சில: 12 அங்குலமும் 14 அங்குலமுமான இரண்டு பைப் ரென்ச்சுகள், ஒரு ஸ்பானர், இரும்பறுக்கும் ரம்பம், உளி, சுத்தி, அடைப்பு மரைகள். ஆண்டில் ஒரு நாள் உபயோகத்திற்காக ஒவ்வொரு வீட்டாரும் இவற்றை வாங்குதல் வீண் செலவு. அதனால்தான் பலர் ஒரே ரென்ச்சைக் கொண்டு காரியத்தைக் கெடுத்துக் கொள்கின்றனர். சங்கம் ஒரு பெட்டியில் இவற்றை வாங்கி வைத்து, பதிவேட்டில் கையொப்பம் பெற்று அங்கத்தினர்களுக்கு இரவல் கொடுக்கலாம். முத்திரையுள்ள குழாய்களையும் வாஷர்களையும் மொத்தமாக வாங்கிச் சங்கப் பண்டகசாலையில் வைத்தால், போலிச் சரக்கிலிருந்தும் அங்கத்தினர் தப்புவர்.

அரசுத் தொழிற்பயிற்சி நிலையங்களில் பிளம்பர் தொழிலுக்கு ஓராண்டுப் பயிற்சி உண்டு. அங்கத்தினர் குடும்பங்களைச் சேர்ந்த இளைஞர் ஒருவரோ இருவரோ அப்பயிற்சியைப் பெற்றால், ஊருக்கு நம்பிக்கையான கைகள் கிடைக்கும். அவர்களுக்கும் ஒரு தொழில் கிடைக்கும். தறி ஓய்ந்திருக்கும் மழை நாளிலும், அறுவடை முடிந்த ஓய்வு நாளிலும், ஒரு தெருவார் கூடி அத்தெருவின் குழாய்கள் அனைத்தையும் பார்த்து முடிப்பது ஒரு நாளில் ஆகக் கூடிய காரியமே.

ஒவ்வோர் அங்கத்தினரும் இம்மாதத்தில் ஒரு முறை தம் வீட்டுக் குழாய் ஒவ்வொன்றையும் துணியால் துடைத்துப் பார்க்கட்டும். டம்ளரை வைத்து அளக்கட்டும். வாஷர் போதுமாயின் வாஷரோடு நிறுத்துக. குழாயை மாற்ற வேண்டுமாயின், பைப்பை அறிந்து, நீரை நிறுத்தி, அடைப்பு மரையை அருகில் வைத்து, இரண்டு ரென்ச்சுகளுடன் தொடங்குக. பைப்பே மெலிந்து விட்டது என்று கண்டால், அதை ஒப்புக்கொண்டு தேர்ந்த பணியாளரை அழைத்தலே சிக்கனம். பழையதை மதித்துப் புதியதைச் சேர்ப்பவர் வீட்டில் சுவரும் நிற்கும், நீரும் நிற்கும்.